தண்ணீரில் வாணவேடிக்கை: படகுகளை ஏன் தள்ளி நிறுத்துகிறார்கள்?

அமெரிக்காவில் ஜூலை 4 சுதந்திர தினம். அன்றிரவு சின்ன ஊர்களில்கூட வாணவேடிக்கை உண்டு. ஊரில் ஏரியோ ஆறோ விரிகுடாவோ இருந்துவிட்டால் வேடிக்கையைப் பெரும்பாலும் தண்ணீரின் மேல்தான் வைத்துக்கொள்வார்கள். அதற்காக அந்நாட்டுக் கடலோரக் காவல்படை ஒவ்வொரு கோடையிலும் ஏராளமான அறிவிப்புகளை வெளியிடுகிறது. அவற்றைப் புரட்டினால் சில எண்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: 420 அடி, 560 அடி, 840 அடி, 1000 அடி. வாணம் விடும் இடத்தைச் சுற்றி அத்தனை அடிக்குள், இன்ன மணியிலிருந்து இன்ன மணி வரை, எந்தப் படகும் வரக்கூடாது என்பதுதான் விஷயம். 1000 சரி, முழு எண். 420 எங்கிருந்து வந்தது? நம் ஊரில் அந்த எண்ணுக்கு நல்ல பெயர் கிடையாது. ஆனால் இங்கே அது ஒழுங்கான கணக்கு. அதிலிருந்தே தொடங்குவோம்.

வானத்தில் குடைபோல விரியும் பெரிய வாணங்கள், தீபாவளி ராக்கெட் மாதிரி எரிந்துகொண்டே ஏறுவதில்லை. அவை கெட்டியான காகித உருண்டைகள். தொழிலில் இருப்பவர்கள் ஷெல் என்பார்கள். உள்ளே வண்ணம் தரும் மருந்து உருண்டைகள் சுற்றிவர அடுக்கப்பட்டிருக்கும். நடுவில் வெடிமருந்து. மேலே பசை தடவிய காகிதம் பல சுற்று. இந்த உருண்டையைச் செங்குத்தாக நிறுத்திய ஒரு குழாய்க்குள் இறக்குவார்கள். அடியில் உள்ள கருமருந்து பற்றியதும் உருண்டை மேலே வீசியெறியப்படுகிறது. அதே கணத்தில் அதன் வயிற்றில் இருக்கும் தாமதத் திரியும் பற்றிக்கொள்கிறது. சில விநாடிகள் கழித்து, உருண்டை உச்சிக்குப் போகும் நேரத்தில், திரியின் நெருப்பு உள்ளே போய்ச் சேரும். அப்போதுதான் நாம் 'ஆஹா' என்கிறோம்.

இந்த உருண்டைகளை அளப்பது இன்ச்சில். 3 இன்ச், 6 இன்ச், 12 இன்ச் என்று குழாயின் விட்டத்தை வைத்துச் சொல்வார்கள். இன்ச்சுக்குச் சுமார் 100 அடி உயரம் என்பது தோராயக் கணக்கு. 6 இன்ச் உருண்டை ஏறக்குறைய 600 அடி போகும். இனி, பார்வையாளர் எவ்வளவு தள்ளி நிற்கவேண்டும்? அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 1123 எண் விதித்தொகுப்பு இதற்கு எளிய வாய்ப்பாடு ஒன்று தருகிறது: ஒரு இன்ச்சுக்கு 70 அடி. ஆறை எழுபதால் பெருக்கினால் 420. எட்டு இன்ச்சுக்கு 560. பன்னிரண்டு இன்ச்சுக்கு 840. ஆக, அறிவிப்பில் உள்ள எண்ணைப் பார்த்தே அன்றைக்கு விடப்போகும் பெரிய உருண்டை எது என்று நாம் ஊகித்துவிடலாம். 1000 அடி என்று இருந்தால், கணக்குக்கு மேலேயும் கொஞ்சம் தாராளமாக விட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

அந்த எழுபது அடி எதற்காக? மேலே வெடித்துச் சிதறும் பொறிகளுக்காக என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் ஒழுங்காக வெடித்த வாணத்தின் பொறிகள் பாதி வழியிலேயே அணைந்துவிடுகின்றன. கீழே வருவது சாம்பலும் காகிதத் துண்டுகளும்தான். விதி எழுதியவர்களின் கவலை, ஒழுங்காக வெடிக்காத வாணத்தைப் பற்றியது. திரி நடுவில் அணைந்துபோனால் உருண்டை வெடிக்காமல் அப்படியே திரும்பி வரும். 6 இன்ச் உருண்டையின் எடை ஒரு கிலோவுக்கு மேல். 600 அடியிலிருந்து விழும்போது அதன் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். ஏறும்போதும் இறங்கும்போதும் காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும். குழாய் லேசாகச் சாய்ந்திருந்தால் இன்னும் விலகும். அது எங்கே வந்து விழும் என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. எந்த வட்டத்துக்குள் விழக்கூடும் என்று மட்டும் சொல்லலாம். அந்த வட்டத்தைத்தான் காலி செய்து வைக்கிறார்கள்.

அப்படி வைப்பதால் என்ன பலன் என்பதை 2012 ஜூலை 4 அன்று சான் டியேகோ விரிகுடா காட்டியது. பல பார்ஜுகளில் குழாய்களை அடுக்கியிருந்தார்கள். பார்ஜ் என்பது சரக்கு ஏற்றும் தட்டையான மிதவைக் கலம். எல்லாப் பார்ஜிலும் திரிகளைப் பற்றவைப்பது கணினிதான். கால் மணி நேரத்துக்கு மேல் நடக்கவேண்டிய வேடிக்கை அது. கணினிக் கோப்பில் ஏற்பட்ட கோளாறால், குறித்த நேரத்துக்குச் சில நிமிடங்கள் முன்பே, ஆயிரக்கணக்கான வாணங்கள் அரை நிமிடத்துக்குள் ஒட்டுமொத்தமாக வெடித்துத் தீர்ந்தன. விரிகுடாவே பற்றி எரிவதுபோல் இருந்தது. ஒருவருக்கும் காயம் இல்லை. கூட்டம் ஏமாந்தது, செலவு வீணானது, அவ்வளவுதான். வட்டம் காலியாக இருந்தது. அதுவும் முன்கூட்டியே காலியாகியிருந்தது. இப்படிப்பட்ட தடைகள் வேடிக்கைக்கு அரை மணி முன்பே அமலுக்கு வருவதன் நியாயத்தை, அந்தச் சில நிமிட முந்தலே நமக்கு விளக்கிவிடுகிறது.

கரையில் ஒரு மைதானத்தை மூடுவது சுலபம். கயிறு கட்டலாம், காவலரை நிறுத்தலாம், ஆள் நின்ற இடத்தில் நிற்பார். தண்ணீரில் கயிறு கட்ட முடியாது. இருட்டில் 420 அடியைக் கண்ணால் அளக்கவும் முடியாது. இதைவிடச் சிக்கல், நிற்கிற படகும் நிற்பதில்லை. நங்கூரம் பிடிக்கவேண்டுமானால் ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு விடவேண்டும். 20 அடி ஆழத்தில் 140 அடிக் கயிறு விட்ட படகு, அந்தக் கயிற்றின் நீளத்துக்கு வட்டமடிக்கக்கூடியது. மாலை 7 மணிக்கு ஏற்றம் உள்ளே வரும்போது கோட்டுக்கு வெளியே பாந்தமாக நின்ற படகு, 9 மணிக்கு நீரோட்டம் திரும்பியதும் மறுபக்கம் சுழன்று, இருநூறு அடிக்கு மேல் உள்ளே வந்து நிற்கும். படகுக்காரர் ஒன்றுமே செய்திருக்கமாட்டார். கையில் தேநீர்க் கோப்பையோடு வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

ஆகவே கோட்டைக் காப்பதற்கு ஆட்கள் வேண்டும். அமெரிக்கத் துறைமுகங்களில் இதற்குப் பொறுப்பான கடலோரக் காவல்படை அதிகாரியைத் துறைமுக கேப்டன் என்கிறார்கள். ஓரிடத்தைப் பாதுகாப்பு மண்டலம் என்று அறிவிக்க அவருக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டு. அறிவித்த பிறகு அவர் அனுமதி இல்லாமல் யாரும் நுழையக்கூடாது. அறிவிப்பு அரசிதழில் வரும். படகுகள் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் வானொலி 16ஆம் அலைவரிசையிலும் சொல்வார்கள். ரோந்துப் படகுகள் நீல விளக்கோடு விளிம்பில் சுற்றிவரும். விலகி வருகிற படகை அவ்வப்போது வெளியே அனுப்பும்.

சான் பிரான்சிஸ்கோ பகுதியின் நடைமுறையில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. அங்கே வட்டம் இரண்டு அளவில் வரும். பார்ஜில் வாணங்களை ஏற்றும்போதும், இழுவைப் படகு அதை இழுத்துப்போகும்போதும், சுற்றி 100 அடி. நின்ற இடத்தில் நின்று, வேடிக்கைக்கு அரை மணி இருக்கும்போது, அது பெரிய வட்டமாக விரியும். மருந்து ஏற்றிய கலம் நகரும்போதே ஆபத்துதான், ஆனால் முழு விரிகுடாவையும் பகல் முழுக்க மூடிவைக்க வேண்டியதில்லை என்பது இதன் கணக்கு. மீன்பிடிப்பவருக்கும் ஃபெர்ரியில் போகிறவருக்கும் அன்றைக்கும் வேலை இருக்கிறது அல்லவா?

இதுவரை வந்ததை வைத்து நாம் ஒரு முடிவுக்கு வந்திருப்போம். வானத்திலிருந்து விழுவதுதான் ஆபத்து. கடைசி வாணம் வெடித்ததும் ஆபத்தும் முடிந்தது. வேடிக்கைக்குப் படகில் போகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் நினைக்கிறார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் நங்கூரத்தைத் தூக்குகிறார்கள். கொஞ்சம் நிதானித்துப் பார்க்கவேண்டிய இடம் இதுதான்.

சான் டியேகோவில் எல்லாம் ஒன்றாக வெடித்த அதே 2012 ஜூலை 4 இரவு. நாட்டின் மறு கோடியில், நியூயார்க் லாங் ஐலண்டின் ஆய்ஸ்டர் பே பகுதியில், வேடிக்கை எந்தக் குறையும் இல்லாமல் நடந்து முடிந்தது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிய 34 அடி நீளப் படகு ஒன்று கவிழ்ந்தது. அதில் 27 பேர் இருந்தார்கள். கீழ்த்தளத்தில் சிக்கிக்கொண்ட மூன்று குழந்தைகள் இறந்துபோனார்கள். வாணங்கள் அத்தனையும் தப்பாகப் போன ஊரில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அத்தனையும் சரியாகப் போன ஊரில் மூன்று சாவு. 2014 ஜூலை 4 அன்று மயாமியின் பிஸ்கேன் விரிகுடாவிலும் இப்படியே: வேடிக்கை முடிந்து திரும்பும் நேரத்தில் மூன்று படகுகள் மோதி நான்கு பேர் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் உயிரை எடுத்தது வாணம் கிடையாது.

ஏன் அப்படி? இரண்டாம் ஆட்டம் விட்ட சினிமா தியேட்டர் வாசலை நினைத்துக்கொள்வோம். மணிக்கணக்கில் ஒவ்வொருவராக வந்து சேர்ந்த கூட்டம் ஒரே நிமிடத்தில் கிளம்புகிறது. அத்தனை வண்டிக்கும் ஒரே வாசல். இப்போது அந்த வாசலில் சாலையை எடுத்துவிடுவோம், தெருவிளக்கை அணைத்துவிடுவோம், வண்டிகளின் பிரேக்கையும் கழற்றிவிடுவோம். வாணவேடிக்கை முடிந்த விரிகுடா ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். படகுக்குப் பிரேக் கிடையாது. நிறுத்தவேண்டுமானால் எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டவேண்டும். அதற்குள் அது பல அடி வழுக்கிக்கொண்டு போயிருக்கும்.

இதோடு நம் கண்ணும் நம்மைக் கைவிடுகிறது. இருட்டில் பார்ப்பதற்கு விழித்திரையில் ஒரு நிறமி வேண்டும். பளிச்சென்ற வெளிச்சம் பட்டால் அது சிதைந்துவிடும். மறுபடி சேர 20 முதல் 30 நிமிடம் ஆகும். கால் மணி நேரமாக அண்ணாந்து பார்த்த கண்களில் அந்த நிறமி வெகுவாகக் குறைந்திருக்கும். அந்தக் கண்களோடுதான் படகோட்டி கீழே குனிந்து கறுப்புத் தண்ணீரைப் பார்க்கிறார். தனக்குக் கண் தெரியவில்லை என்பதே அவருக்குத் தெரியாது. கரை விளக்குகள் பளிச்சென்று தெரிவதால், எல்லாம் தெரிவதாகவே தோன்றும்.

அந்தக் கரை விளக்குகளே அடுத்த வினை. ஓடும் படகுக்கு இரவில் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை விளக்கு என்பது உலகம் முழுக்க ஒரே முறை. எதிரே சிவப்பு தெரிந்தால் அந்தப் படகின் இடப்பக்கத்தைப் பார்க்கிறோம், அது நமக்கு இடப்புறமாகக் கடந்து போகிறது என்று ஊகிக்கலாம். நடுக்கடலில் இது அழகாக வேலை செய்யும். நகரத்துக்கு முன்னால், கடை விளக்கும் போக்குவரத்து சிக்னலும் ஹோட்டல் பலகையும் பின்னணியில் மின்னும்போது, ஒரு சின்னச் சிவப்புப் புள்ளியை எப்படிப் பிரித்தெடுப்பது? நங்கூரமிட்ட படகின் ஒற்றை வெள்ளை விளக்கோ, கரையில் எரியும் ஏதோ ஒரு பல்பு என்றே நினைக்கவைக்கும்.

வழிவிடும் விதி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. 1972ஆம் ஆண்டு சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகளின்படி, குறுக்கே வரும் இரண்டு எஞ்சின் படகுகளில், மற்றதைத் தன் வலப்பக்கத்தில் காண்பது ஒதுங்கவேண்டும். இந்த விதி இரண்டு படகுகளை மனதில் வைத்து எழுதியது. வலப்பக்கம் ஒன்றுக்கு ஒதுங்கினால் இடப்பக்கம் இன்னொன்றின் மேல் ஏறவேண்டியிருக்கும் நெரிசலில் அதற்குப் பதில் இல்லை. அங்கே பயன்படுவது வேகத்தைக் குறைப்பது ஒன்றுதான்.

வேகத்தைக் குறைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓடுகிற ஒவ்வொரு படகும் பின்னால் அலையைக் கிளப்பிவிட்டுப் போகிறது. நூறு படகுகள் ஒன்றாகக் கிளம்பினால் அலைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, எந்தத் திசையிலிருந்து வரும் என்று தெரியாமல் தண்ணீர் குலுங்கும். படகிலோ அன்றைக்கு வழக்கத்தைவிட ஆள் அதிகம். உறவினர், நண்பர், குழந்தைகள். நன்றாகத் தெரியட்டும் என்று பலர் மேல்தட்டில் ஏறியிருப்பார்கள். பாரம் மேலே போகப் போகப் படகின் நிதானம் குறையும். எத்தனை பேர் ஏறலாம் என்று படகில் எழுதியிருக்காதா? அமெரிக்க மத்திய அரசின் விதிப்படி அந்தத் தகடு 20 அடிக்குக் குறைந்த படகுகளுக்குத்தான் கட்டாயம். ஆய்ஸ்டர் பேயில் கவிழ்ந்தது 34 அடிப் படகு.

திரும்பும் பயணம்தான் ஆபத்து, போகும்போது ஒன்றும் இல்லை என்றும் எண்ணிவிட வேண்டாம். 2012 அக்டோபர் 1, சீனத் தேசிய தினம். ஹாங்காங் விக்டோரியா துறைமுகத்தில் இரவு 9 மணிக்கு வாணவேடிக்கை. ஹாங்காங் எலெக்ட்ரிக் நிறுவன ஊழியர்களையும் குடும்பத்தினரையும் ஏற்றிக்கொண்டு 'லாமா 4' என்ற படகு லாமா தீவிலிருந்து கிளம்பியது. 8.20 மணியளவில், தீவை விட்டு அதிக தூரம் போகாத நிலையில், எதிரே வந்த 'சீ ஸ்மூத்' என்ற ஃபெர்ரி மோதியது. 'லாமா 4' மிகச் சில நிமிடங்களில் பின்பக்கமாக மூழ்கியது. 39 பேர் இறந்தார்கள். தண்ணீர் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகாமல் தடுக்கவேண்டிய கதவு அதில் பொருத்தப்படவே இல்லை என்பதை விசாரணை ஆணையம் கண்டறிந்தது. இரண்டு படகின் தலைவர்களுக்கும் சிறைத்தண்டனை கிடைத்தது. முதல் வாணம் இன்னும் குழாய்க்குள்தான் இருந்தது. வேடிக்கைக்காக மூடிவைத்த நீர்ப்பரப்போ வெகு தூரத்தில் இருந்தது.

ஆகவே படகுத் தடையை நாம் அடிக்கணக்கோடு மணிக்கணக்கிலும் படிக்கவேண்டும். வாணம் விடும் பார்ஜைச் சுற்றியுள்ள 420 அடி, வெடிக்காத உருண்டைக்கானது. அதைத் தாண்டிய பகுதியில் வேகத்தைக் கட்டுப்படுத்துவதும், ஃபெர்ரிகளின் நேரத்தை மாற்றுவதும், கால்வாய்களை ஒருவழியாக்குவதும் படகுகள் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பதற்கானவை. சிட்னியின் புத்தாண்டு இரவில் பாலத்தையும் பார்ஜுகளையும் சுற்றிப் படகுகள் வரக்கூடாத பகுதிகளை வரைகிறார்கள். சிட்னி இருக்கும் மாநிலத்தில் பொழுதுபோக்குப் படகை ஓட்டுகிறவருக்கும், காரோட்டியைப்போலவே, இரத்தத்தில் 0.05 சதவீத மது வரம்பு உண்டு. குடித்த படகோட்டிக்கும் விழும் வாணத்துக்கும் சம்பந்தமில்லை. பக்கத்துப் படகில் இருக்கும் குழந்தைக்கும் அவருக்கும்தான் சம்பந்தம்.

வேடிக்கை முடிந்தும் உடனே கோட்டைத் திறந்துவிடாமல் வைத்திருப்பது ஏன் என்பதற்கும் இப்போது பதில் சொல்லிவிடலாம். பார்ஜில் இருப்பவர்கள் ஒவ்வொரு குழாயையும் சோதிக்கவேண்டும்; வெடிக்காதது உள்ளேயே கிடக்கலாம். தண்ணீரில் விழுந்தது மூழ்கியிருக்கும் என்றும் நம்பமுடியாது. 6 இன்ச் உருண்டை ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீரின் இடத்தை அடைக்கும். அதன் எடை அதைவிடக் குறைவாக இருந்தால் காகிதம் ஊறும்வரை மிதந்துகொண்டுதான் இருக்கும். இந்தச் சோதனை முடிகிற அவகாசத்தில் இன்னொன்றும் தானாக நடந்துவிடுகிறது. அவசரக்காரர்கள் சிலர் கிளம்பிப்போக, தண்ணீர் கொஞ்சம் அடங்குகிறது, படகோட்டிகளின் கண் இருட்டுக்குப் பழகுகிறது.

எந்த ஊரிலாவது இப்படி ஒரு வேடிக்கைக்குப் படகில் போக வாய்த்தால், செய்யவேண்டியவை கொஞ்சம்தான். ஏறும்போதே தலையை எண்ணுங்கள். கூட்டம் அதிகம் என்று தோன்றினால் ஏறாதீர்கள். குழந்தைகளுக்கு லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே மாட்டிவிடுங்கள், இறங்கும்வரை கழற்றாதீர்கள். திரும்பும்போது அவர்களைத் தூங்கவைக்கக் கீழ்த்தளத்துக்கு அனுப்பவேண்டாம். கடைசி வாணம் வெடித்ததும் கொண்டுவந்த சாப்பாட்டைப் பிரியுங்கள். அரை மணி கழித்து நங்கூரத்தைத் தூக்கலாம். படகோட்டி அப்படிக் காத்திருந்தால் தாமதம் என்று முணுமுணுக்காதீர்கள். தன் வேலை தெரிந்தவர் அவர்.